பட்டறை மூடிய பிறகு

டாக்டரம்மாவின் மேஜையை ஒட்டி, எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், அழுக்குத் துணி போடுகிற மாதிரியான பிளாஸ்டிக் கூடை ஒன்று இருக்கும். அது நிறையப் படப் புத்தகங்கள். உள்ளே வருகிற எந்தக் குழந்தைக்கும் ஸ்டெதாஸ்கோப் வைப்பதற்கு முன்னால் ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டிவிடுவார். கைக்குழந்தை அதை வாயில் வைத்துக் கடிக்கும். தவழுகிற குழந்தை தலைகீழாகப் பிடிக்கும். நடக்கிற குழந்தை விரல் நீட்டிக் காட்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில் கண் எப்படி, காது எப்படி, விரல் பிடி எப்படி, அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறம்தான் தொண்டையும் வயிறும். போகும்போது புத்தகம் குழந்தைக்கே.

"அங்க மருந்து கேட்டா புத்தகம் தர்றாங்க. புத்தகக் கடையில போய் மருந்து கேட்டுப் பார்க்கணும்" என்று வரிசையில் நிற்கிறவர்கள் கேலி பேசுவார்கள். அவர் காதிலும் அது விழும். சிரித்துக்கொள்வார்.

அது ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி. புத்தகத்துக்கென்று யாரும் ஒன்றும் தருவதில்லை. தெரிந்த வீடுகள், பள்ளிக்கூடங்கள், பழைய பேப்பர் கடைகள் என்று அலைந்து வாங்கி வருவார். கிழிந்தவற்றை அவருடைய வீட்டுக்காரர் டிவி முன்னால் உட்கார்ந்து டேப் போட்டு ஒட்டித் தருவார். "எல்லாக் கதையிலயும் முதலும் முடிவும் எனக்கு அத்துப்படி. நடுவுல என்ன நடந்ததுன்னுதான் இன்னி வரைக்கும் தெரியல" என்பது அவருடைய நிரந்தரக் குறை.

அங்கே வந்துகொண்டிருந்த ஒரு பெண் குழந்தைக்கு வாயாடி என்று பேர் வைத்தது நர்ஸ். தடுப்பூசி போட வந்த நாளிலிருந்தே அது ஏதோ ஒரு பாஷையில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. இரண்டு வயதுக்குள் அது தமிழாகிவிட்டது. ஊசி போட்டால் அழுதுகொண்டே, "நர்ஸ் அக்கா, உனக்கு யார் ஊசி போடுவா?" என்று கேட்கும். ஒரு தடவை யானைப் படத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, "இதுக்குச் சளி பிடிச்சா என்ன பண்ணும்?" என்று கேட்டது. டாக்டரம்மா அன்று வந்த எல்லா அம்மாக்களிடமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடமும் சொன்னார். இருவருக்கும் பதில் தெரியவில்லை.

பக்கம் புரட்டும்போது ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுக்கொள்வது டாக்டரம்மாவின் பழக்கம். "ஊருக்கெல்லாம் கை கழுவச் சொல்லிட்டு நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்று நர்ஸ் திட்டியும் போகவில்லை. வாயாடி அதையும் பிடித்துக்கொண்டாள். விரலை நாக்கில் வைத்து, புருவத்தைச் சுருக்கி, பெரிய மனுஷி மாதிரி ஒவ்வொரு பக்கமாகத் திருப்புவாள். அவளுடைய அம்மாவுக்குப் பெருமை தாங்காது. அம்மா அவ்வளவாகப் படித்தவள் இல்லை. வீட்டிலிருந்தே ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக் கொடுப்பவள். "நான் படத்தைப் பார்த்து ஏதோ கதை விடுவேன் டாக்டரம்மா. தப்பாச் சொன்னா திருத்துறா" என்பாள்.

மூன்று வயதைத் தாண்டி அவர்கள் வந்தபோது டாக்டரம்மா வழக்கம்போல ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். வாயாடி வாங்கிக்கொண்டாள். திறந்தாள். ஒரு பக்கத்திலேயே நின்றுவிட்டாள். அதிலிருந்த யானைப் படத்தின் மேல் கையை வைத்தபடி சும்மா இருந்தாள்.

"இது யாரு?" என்றார் டாக்டரம்மா.

குழந்தை அவரைப் பார்த்தது. உதடு அசைந்தது. "அது" என்றது. அவ்வளவுதான்.

"கொஞ்ச நாளாவே இப்படித்தான்" என்றாள் அம்மா. "வயிறு வலிக்குதுன்னு சுருண்டு படுத்துக்குறா. வெளிக்குப் போக மாட்டேங்குறா. தொட்டதுக்கெல்லாம் கோபம். பேச்சு குறைஞ்சிடுச்சு. பக்கத்து வீட்டுக்காரம்மா கண்ணு பட்டுடுச்சுன்னு சொல்றாங்க."

டாக்டரம்மா குழந்தையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. வயிற்றை அமுக்கினார். பூச்சியாக இருக்கலாம், இரத்தசோகையாக இருக்கலாம். ஆனால் பேச்சு ஏன் போகிறது? அம்மாவின் மடியில் ஒரு பை இருந்தது. அதற்குள் சாம்பல் படிந்த ஒரு சட்டை எட்டிப் பார்த்தது. "வர்ற வழியில அவரோட துணியை வாங்கிட்டு வந்தேன், துவைக்கணும்" என்றாள்.

"அவருக்கு என்ன வேலை?"

"நம்ம தெரு முடிவுல இருக்கே, பேட்டரிப் பட்டறை. பழைய வண்டி பேட்டரியை உடைச்சு ஈயம் உருக்குறது."

அந்தத் தெருவிலிருந்து எத்தனை குழந்தைகள் இந்த அறைக்கு வருகிறார்கள் என்பது அப்போதுதான் டாக்டரம்மாவுக்கு உறைத்தது. வயிற்று வலி என்று வந்தவர்களுக்கெல்லாம் பூச்சி மருந்து எழுதி அனுப்பியது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

ரத்தம் தலைநகரத்துச் சோதனைக்கூடத்துக்குப் போய், முடிவு வந்து சேர வெகு நாளானது. வாயாடியின் ரத்தத்தில் ஈயம் இருந்தது, இருக்கவே கூடாத அளவுக்கு. அப்புறம் அந்தத் தெருக் குழந்தைகள் எல்லோரையும் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள். யாரும் தப்பவில்லை. கூட, குறைய, அவ்வளவுதான் வித்தியாசம். ஒருவன் எழுத்து மனதில் நிற்பதில்லை என்று பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக்கொண்டிருந்தான். ஒருத்தி நன்றாகத்தான் இருக்கிறாள் என்று அம்மா அடித்துச் சொன்னாள். டாக்டரம்மா அவளுக்கும் ஒரு புத்தகத்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, அவள் பெயரையும் பட்டியலில் எழுதிக்கொண்டார்.

"மருந்து இருக்குல்ல?" என்று வாயாடியின் அப்பா கேட்டார். ஒல்லியான, தணிந்து பேசுகிற மனுஷர்.

"ரத்தத்துல இருக்குறதைக் கொஞ்சம் இழுத்து வெளியில கொண்டுவர மருந்து இருக்கு. மூளையில பட்டதுக்கு இல்ல" என்றார் டாக்டரம்மா. "முதல்ல அது உள்ள போறதை நிறுத்தணும்."

நிறுத்தத்தான் அவர் கிளம்பினார். ஆஸ்பத்திரி நேரம் முடிந்ததும் கைப்பையில் சோதனை முடிவுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாக ஏறினார். சுற்றுச்சூழல் அலுவலகம் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பியது. சுகாதார அலுவலகம் தொழிற்சாலை அலுவலகத்துக்கு அனுப்பியது. கால் கடுக்க நின்றார். பத்திரிகைக்காரர் ஒருவர் அதைப் பற்றி எழுதினார். நகரசபைக் கூட்டத்தில் டாக்டரம்மா பேச இடம் கேட்டு வாங்கிப் பேசினார். படபடப்பில் நிறையச் சொல்ல மறந்துபோனது. ஆனால் அந்தக் குழந்தை முன்பு கேட்ட யானைக் கேள்வியைச் சொல்லிவிட்டு, "இப்போ அவளுக்கு யானைங்கிற வார்த்தை தெரியாது" என்று சொல்ல மறக்கவில்லை.

பட்டறை முதலாளி அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கே வந்தார். மரியாதையான மனுஷர். செருப்பை வெளியில் விட்டுவிட்டு வந்தார். "இந்தத் தெருவுல அடுப்பு எரியறதே என்னாலதான் டாக்டர். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்றார். மிரட்டவில்லை. போகும்போது, புத்தகக் கூடையைப் பார்த்து, "நல்ல காரியம் பண்றீங்க" என்றும் சொன்னார்.

ஒருநாள் காலையில் அதிகாரிகள் வந்து பட்டறைக்குப் பூட்டுப் போட்டு அரக்கு வைத்தார்கள். நர்ஸ் ஆஸ்பத்திரி முழுக்க மிட்டாய் கொடுத்தாள். டாக்டரம்மா வெகு நாளைக்கப்புறம் வீட்டுக்குப் போய் நேரத்தோடு படுத்துத் தூங்கினார்.

அதற்கப்புறம் அந்தத் தெருவிலிருந்து வருகிறவர்கள் குறைந்தார்கள். தடுப்பூசிக்குக் கூட வரவில்லை. ஒரு அம்மா வந்து, இதுவரை வாங்கிக்கொண்டு போன புத்தகங்களையெல்லாம் கட்டி மேஜை மேல் வைத்தாள். "வயித்துல அடிச்சிட்டீங்க டாக்டரம்மா. இதை வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?" என்றாள். டாக்டரம்மா அந்தக் கட்டை அவிழ்க்கவே இல்லை. அலமாரிக்குக் கீழே தள்ளி வைத்தார்.

வாயாடியின் அம்மா மட்டும் தொடர்ந்து வந்தாள். மருந்து கொடுத்ததில் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இறங்கிக்கொண்டு வந்தது. வயிற்று வலி போனது. ஒரு தடவை வாயாடி நர்ஸைப் பார்த்து, "ஊசி" என்றாள். நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இனி மெல்ல மெல்ல வந்துவிடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவரும் அப்படித்தான் நினைத்தார்.

அடுத்த சோதனையில் ஈயம் ஏறியிருந்தது. முன்பு இருந்ததைவிட மேலே.

சோதனைக்கூடத்தில் மாற்றிவிட்டார்களோ என்று மறுபடி ரத்தம் அனுப்பினார். மறுபடியும் அதே கதை. அன்று மதியமே நர்ஸையும் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்கு நடந்தார். பட்டறைக் கதவில் அரக்கு அப்படியே இருந்தது. ஆனால் தெருவுக்குள் நுழையும்போதே ஒரு வாடை வந்தது. தொண்டையில் ஒட்டிக்கொள்கிற, தித்திப்பான, உலோக வாடை.

வாயாடியின் வீடு ஒரே அறை. அதற்குப் பின்னால் தகரம் போட்ட சமையல் இடம். அப்பா குந்தி உட்கார்ந்திருந்தார். சோறு வடிக்கிற அடுப்புக்கு அடுத்த அடுப்பில், கறுத்த இரும்புச் சட்டியில், ஈயம் பாலாடை மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. சுவரோரம் உடைத்த பேட்டரிகள். தரை முழுக்கச் சாம்பல் நிறத் தூசி. அந்தத் தூசியில் உட்கார்ந்து வாயாடி ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டாள். பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி நாக்கில் தொட்டாள். புத்தகத்தின் ஓரமெல்லாம் அவள் விரல் பட்ட இடத்தில் சாம்பல் பூத்திருந்தது.

டாக்டரம்மா அப்படியே நின்றுவிட்டார். நர்ஸ்தான் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினாள்.

"என்னங்க இது" என்றார் டாக்டரம்மா.

அப்பா எழுந்து நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். "பட்டறையை நீங்க மூடினீங்க. முதலாளி வேலையை வீட்டுக்கு வீடு பிரிச்சுக் குடுத்துட்டார். விடியக்காலையில வண்டி வரும், பேட்டரியைப் போட்டுட்டு உருக்கி வச்ச கட்டியை எடுத்துட்டுப் போகும். இந்த வரிசையில எல்லா வீட்டுலயும்தான் எரியுது."

"உங்க பொண்ணுக்கு இதனாலதான் இப்படி ஆச்சுன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"வேற வேலை தேடாமலா இருந்தேன்?" என்றார் அவர். கோபமே இல்லை அந்தக் குரலில். "ஈயம் உருக்குறவன்னு தெரிஞ்சா கட்டட வேலைக்குக்கூட எடுக்க மாட்டேங்குறாங்க. இருமல், மூட்டு வலி, பாதியில படுத்துடுவான்னு. முன்னாடி புகை தெரு முடிவுல இருந்துச்சு டாக்டரம்மா. இப்போ இங்க வந்துடுச்சு. நீங்க நல்லதுதான் நினைச்சீங்க. அதை நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்."

திட்டியிருந்தால் டாக்டரம்மா தாங்கிக்கொண்டிருப்பார். இதை எப்படித் தாங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

பூட்டுப் போட்ட அதிகாரியிடமே மறுபடி போனார். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"வீட்டுக்கு நான் எப்படி அரக்கு வைக்கிறது டாக்டர்? ஜனங்க குடியிருக்காங்களே."

"முதலாளியைப் பிடிங்க."

"அவர் பேர்ல இப்போ பட்டறையே இல்ல. பேட்டரி அவரோடதுன்னு அந்தத் தெருவுல ஒருத்தர் வந்து சொல்லட்டும், நான் பார்த்துக்குறேன். சொல்வாங்களா? இல்லன்னா எந்தெந்த வீட்டுல உருக்குறாங்கன்னு நீங்க எழுதிக் குடுங்க. போலீஸ் போகும். குழந்தைங்களோட அப்பாவைத்தான் பிடிச்சுட்டு வருவாங்க. அதுக்கப்புறம் அந்தக் குழந்தைங்களை யார் பார்ப்பான்னு என்கிட்ட கேக்காதீங்க."

டாக்டரம்மா எழுதிக் கொடுக்கவில்லை. எழுதாமல் இருப்பது சரி என்றும் அவருக்குத் தோன்றவில்லை. வாயாடியின் அப்பாவிடம், முதலாளி பேரைச் சொல்ல வர முடியுமா என்று கேட்டுப் பார்த்தார். "சொன்னா மறுநாள் எனக்கு யார் வேலை தருவா, நீங்களா?" என்று அவர் கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை. ஒருவேளை தருவாரோ என்ற ஆசை அந்தக் கேள்வியில் இருந்தது. டாக்டரம்மா மேலிடத்தில் ஆஸ்பத்திரிக் காவலாளி வேலை ஒன்றுக்காகக் கெஞ்சிப் பார்த்தார். இருக்கிற காவலாளியையே வேலையை விட்டு நிறுத்தப் போகிறோம் என்று பதில் வந்தது.

"நான் மூடச் சொல்லாம இருந்திருந்தா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டார். அவர் ஒட்டிக்கொண்டிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தார். எல்லாவற்றுக்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு வைத்திருப்பவர். அன்று டிவியை மட்டும் அணைத்தார்.

வாயாடிக்கு வலிப்பு வந்தது ஒரு காலை வேளையில். அம்மா தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். குழந்தை இரவெல்லாம் வாந்தி எடுத்திருக்கிறது. கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. டாக்டரம்மா ஊசி போட்டு வலிப்பை நிறுத்தி, ஆம்புலன்ஸில் கூடவே ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழி முழுக்க அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கேட்ட எதுவும் அவர் காதில் விழவில்லை.

குழந்தை பிழைத்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் அதையே அதிசயம் என்றார்கள். பல நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பியபோது நடை தள்ளாடியது. பேச்சு ஒரு சொல்லும் மிச்சமில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள், சிரித்தாள். யார் கூப்பிட்டாலும் அதே சிரிப்பு.

எடை பார்க்க அவளைக் கூட்டிக்கொண்டு அம்மா வந்த நாளில் ஆஸ்பத்திரியில் கூட்டமில்லை. நர்ஸ் எடையைக் குறித்துக் கொடுத்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல் வெளியே போய்விட்டாள்.

"இனிமே பேசுவாளா டாக்டரம்மா?"

"பேசுறது கஷ்டம்தான்."

"நாம பேசினா புரியுதா அவளுக்கு?"

"கொஞ்சம் புரியும். நீ பேசிக்கிட்டே இரு. விட்டுடாத."

அம்மா தலையாட்டினாள். குழந்தையின் தலைமுடியைக் கோதிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு" என்றாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அந்தச் சட்டைகளை உதறி உதறித் துவைத்தவள் இவள். அந்தத் தூசியைப் பெருக்கியவள் இவள். ஈயம் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வயிற்றில் ஒரு குழந்தை எலும்பு கட்டத் தொடங்கும்போது தாயின் எலும்பிலிருந்துதான் சுண்ணாம்புச் சத்தை எடுக்கும். அதோடு சேர்ந்து ஈயமும் போகும்.

"இதுவாவது நல்லாப் பொறக்குமா?" என்றாள் அம்மா.

"உன் ரத்தத்தைப் பார்க்கணும்" என்றார் டாக்டரம்மா. அதோடு நிறுத்திக்கொள்ள அவருக்கு ஆசைதான். ஆனால் அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் உடம்புலயும் அது இருக்கும். எவ்வளவுன்னு தெரியாது. குழந்தைக்கும் கொஞ்சம் போகும். அந்த வீட்டுல இருந்தா இன்னும் போகும்."

"அக்கா வீட்டுக்குப் போயிடவா?"

"போ. இன்னிக்கே போ. இவளையும் கூட்டிட்டுப் போ."

"போனா சரியாயிடுமா?"

"இதுக்கு மேல மோசமாகாம இருக்கும்."

"அக்கா வீட்டுக்காரர் ஒரு மாசம் வச்சுக்குவார். அதுக்கு மேல முகத்தைத் தூக்கி வச்சுக்குவார்" என்றாள். டாக்டரம்மா சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையை எப்போது போடணும், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று அவள் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள். எழுந்தவள் வாசலில் நின்று, "அவர் வெளியில நிக்கிறார். உள்ள வரக் கூச்சப்படுறார். ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்றாள்.

ஆஸ்பத்திரி கேட்டுக்குப் பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார். டாக்டரம்மாவைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"வீட்டுல உருக்குறதை விட்டுட்டேன்" என்று அவராகவே ஆரம்பித்தார். "தெருக்காரங்ககிட்டயும் பேசினேன். ரெண்டு மூணு பேர் கேட்டாங்க. பின்னாடி காலி நிலம் இருக்குல்ல, அங்க கொண்டுபோய் வச்சு உருக்குறோம் இப்போ. குழந்தைங்க யாரையும் விடுறதில்ல."

டாக்டரம்மாவுக்கு ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. "நல்லது" என்றார். அப்புறம், கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கேட்டுவிட்டார்: "மழைக்காலத்துல என்ன பண்ணுவீங்க?"

அம்மா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பஸ் நிற்கிற பக்கமாக நடக்கத் தொடங்கியிருந்தாள். அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். டாக்டரம்மாவும் பார்த்தார். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மழையில வெளியில சட்டி நிக்காது டாக்டரம்மா. உள்ளதான் வைக்கணும்" என்றார் அவர்.